டீச்சர் கட்டு

"ஒருதரம் சொன்னா பாடம். ரெண்டாந்தரம் சொன்னா தாலாட்டு."

எங்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்த டீச்சரின் வாக்கு இது. இதையும் அவர் வருஷத்துக்கு ஒருதரம், பள்ளி திறந்த முதல் நாள் மட்டும்தான் சொல்வார். அதற்குப் பிறகு எவளாவது எழுந்து, "டீச்சர், அது என்னது, இன்னொருதரம்..." என்று இழுத்தால் திட்ட மாட்டார். கேட்டவளை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து அடுத்த வரிக்குப் போய்விடுவார். அந்தப் பார்வைக்குப் பதிலாக ரெண்டு அடி வாங்கிக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் என்னிடம் வந்து மூக்கைச் சிந்தும்.

நானோ தமிழ் டீச்சர். ஒரே செய்யுளை ராகம் போட்டு, பதம் பிரித்து, பொருள் சொல்லி, மறுபடியும் ராகம் போட்டு, அரைத்த மாவையே அரைத்துப் பிழைக்கிறவள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போக ஒரு காரணமும் கிடையாது. எங்கள் ஆட்கள் பனங்காட்டிலிருந்து வந்து டவுனில் கடை வைத்தவர்கள். அவர் கடற்கரைக்காரர், வேதக்காரர். ஆனாலும் ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, இரண்டு தெரு தள்ளி வீடு. என் டப்பாவிலிருந்து பருப்புத் துவையல் அந்தப் பக்கம் போகும், அவர் டப்பாவிலிருந்து சீலா மீன் இந்தப் பக்கம் வரும். வீட்டில் இதைச் சொன்னால் என் மாமியார் முகத்தைச் சுளிப்பார். அதனால் சொன்னதில்லை.

எங்கள் வகுப்புகளுக்கு நடுவே சுவர் கிடையாது, ஆளுயரத் தட்டிதான். என் செய்யுள் அந்தப் பக்கம் போகும், அவர் அறிவியல் இந்தப் பக்கம் வரும். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் தூங்கி வழிந்த பாடத்தையெல்லாம் நான் முப்பது வயசுக்கு மேல் அந்தத் தட்டி வழியாகத்தான் படித்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் மின்னூட்டம் பற்றி ஒரு பாடம் உண்டு. புத்தகம் அதை எங்கே வைத்திருந்தாலும் சரி, டீச்சர் அதைக் கச்சான் காற்று அடிக்கிற மாசத்தில்தான் எடுப்பார். தூத்துக்குடியில் இருந்தவர்களுக்குக் கச்சானைத் தெரியும். ஆனி ஆடியில் மேற்கேயிருந்து தரைக்காற்றாக வரும். வருகிற வழியில் உள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டு, கண்ணில் மண்ணை வாரிப் போட்டுவிட்டுக் கடலுக்குப் போகும். அலசிப் போட்ட சேலை திரும்பிப் பார்ப்பதற்குள் மொடமொடவென்று நிற்கும். உதடு வெடிக்கும். உப்பளத்துக்காரர்களுக்கு அது கொண்டாட்டம். மற்ற மாசங்களில் எங்கள் ஊரில் சீப்பைத் தலையில் எவ்வளவு தேய்த்தாலும் காகிதத் துணுக்கு அசையாது. ஏறுகிற மின்னூட்டம் சீப்பின் மேல் படிந்த ஈரத்தின் வழியாக ஒழுகிப் போய்விடும். கச்சானில் மட்டும் துணுக்குகள் துள்ளிக் குதித்து ஒட்டிக்கொள்ளும்.

ஹெச்.எம். ஒருநாள் ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், சிலபஸ்ல வரிசைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

"காத்துக்கும் ஒரு வரிசை இருக்கு சார்."

அடுத்த வாக்கியம் வரும் என்று அவர் கொஞ்ச நேரம் நின்றார். வரவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பாடத்தின்போது நான் என் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டுத் தட்டியோரம் நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். ஒருத்தியைப் பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் ஏறி நிற்கச் சொல்வார். இன்னொருத்தி பாலியஸ்டர் துப்பட்டாவால் அவள் முதுகில் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது ஒருத்தியைக் கூப்பிடுவார்.

"ஏளா, செருப்பைக் கழத்திட்டுத் தரையில நில்லு. இப்ப அவ விரலைத் தொடு."

சட்டென்று ஒரு சின்னச் சத்தம். வகுப்பு முழுக்கச் சிரிக்கும்.

"தேய்ச்சா எலக்ட்ரான் ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்குப் போவும். பிளாஸ்டிக்கு, நைலான், ரப்பர் இதுங்க மேல போனது போன இடத்துலயே கிடக்கும். அது கடத்தாப் பொருள். இரும்பு, தகரம், நம்ம உடம்பு, ஈர மண்ணு, இதுல ஓடும். அது கடத்தி. ஒரு கடத்தி பிளாஸ்டிக் மேல தனியா நின்னா, சேர்ந்தது அவ்வளவும் அதுலயே காத்துக்கிட்டு நிக்கும். வழி கிடைச்ச உடனே மொத்தமும் ஒண்ணாக் குதிக்கும். அந்தக் குதிதான் பொறி. முதல்லயே ஒரு கம்பி வழியா மண்ணுக்கு வழி விட்டுட்டா, சேரவும் செய்யாது, குதிக்கவும் செய்யாது. அதான் எர்த்து." பிறகு தொட்ட பிள்ளையிடம் கேட்பார். "வலிச்சுதா?"

"இல்ல டீச்சர். சுருக்குன்னுச்சு."

"அந்தச் சுருக்குக்குப் பக்கத்துல பெட்ரோல் ஆவி நின்னா?"

சிரிப்பு நின்றுவிடும். அத்தனையும் வள்ளக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு வீட்டிலும் பெட்ரோல் கேன் இருக்கும். டீச்சர் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு மணி அடிக்கிற வரைக்கும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கச்சான் மாசத்தில் அவர் பருத்திச் சேலை தவிர வேறு உடுத்துவதில்லை. எதையும் எடுப்பதற்கு முன்னால் ஜன்னல் கம்பியை ஒரு தொடு தொடுவார். பிள்ளைகள் அதைப் பார்த்து அவரைப் போல நடித்துக் காட்டும். நானும் சிரித்திருக்கிறேன். கேலி செய்வதற்குத் தோதான ஆள்தான் அவர்.

ஆனால் கேலி செய்ய முடியாத ஒரு நாள் வந்தது. ஆய்வுக்கூடத்தில் அமிலத்தை நீர்க்கச் செய்கிற பாடம். தண்ணீரில்தான் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இதை டீச்சர் எல்லோரும் கேட்கிற மாதிரி, நிறுத்தி, தெளிவாக, ஒரு முறை சொன்னார். அந்த நேரம் பார்த்து ஒருத்தி பக்கத்துப் பிள்ளையின் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்கப் பயந்து, தனக்குத் தோன்றியபடி செய்துவிட்டாள். கொதித்துத் தெறித்தது. புறங்கையில் நாலைந்து இடத்தில் தோல் வெந்துவிட்டது.

டீச்சர்தான் அவள் கையைக் குழாயடியில் வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். அவரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார், அவரே வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டார். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் சாந்தமாகப் பேசினார். எல்லாம் சரி. மறுநாள் அதே பிள்ளை கட்டுப் போட்ட கையோடு வந்து நின்று, "டீச்சர், எதுல எதை ஊத்தணும்?" என்று கேட்டது. டீச்சர் அவளைப் பார்த்தார். "நான் சொன்னேன். நீ கேக்கல" என்றார். அவ்வளவுதான். நான்தான் அந்தப் பிள்ளையைக் கூட்டிப் போய்ப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு டீச்சர் மேல் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. இந்தப் பிடிவாதம் ஒருநாள் யாரையாவது பலி வாங்காமல் விடாது என்று அன்றே நினைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டும்விட்டேன். "அது என்ன டீச்சர் அப்படி ஒரு வைராக்கியம்? இன்னொரு வாட்டி சொன்னா வாயிலருந்து முத்தா உதிந்துரும்?"

மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார். "எங்கப்பா சங்கு குளிக்கிறவரு. அப்ப இந்தச் சிலிண்டரு, கம்ப்ரசரு எல்லாம் கிடையாது. மூச்சை அடக்கிட்டு இறங்குவாரு. மேல வள்ளத்துல கயிறைப் பிடிச்சிட்டு ஒருத்தர் இருப்பாரு. அடியிலருந்து ஒரு இழுப்பு இழுத்தா தூக்கணும். ஒரே இழுப்புதான். ரெண்டாவது இழுக்க மூச்சு எங்கன இருக்கு?"

"அதுக்கு?"

"மேல இருந்தவரு ஒருநாள் பீடி பத்த வச்சிட்டு இருந்தாரு."

நான் துவையலை அவர் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

அப்பா போன பிறகு குடும்பத்தைச் சுமந்தது இவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருந்தது ஒரே ஒரு தம்பி. அவனை இவர்தான் வளர்த்தார், படிக்க வைத்தார். படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும் வங்கியில் கடன் எடுத்து ஃபைபர் வள்ளம் வாங்கிக் கொடுத்தார். அவனுக்கு முப்பது வயசு இருக்கும். நல்ல பையன், வாய் நிறையச் சிரிப்பு. என்னைக் கண்டால், "தமிழ்க்கா, இன்னைக்கு நெத்திலி அருமையா கிடக்கு, வந்துட்டுப் போங்க" என்பான். அக்கா என்றால் அவனுக்கு உயிர். ஆனால் அக்கா சொன்னதை ஒரே தடவையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற பயத்திலேயே வளர்ந்தவன். யாராவது நிறைய விளக்கிச் சொன்னால் அவனுக்குக் கண் கலங்கிவிடும் போலிருக்கும். அப்படிப் பார்ப்பான்.

அவன் பெட்ரோல் வைத்திருந்தது அக்கா வீட்டுக்குப் பின்னால், கடலைப் பார்த்து இருந்த ஓலைக் கொட்டகையில். அங்கே நடக்கிற வேலை ஒன்று உண்டு. கரையில் எல்லா வள்ளக்காரர்களும் செய்வதுதான். பெட்ரோல் பங்கிலிருந்து வாங்கி வந்ததை அப்படியே எஞ்சினில் ஊற்ற மாட்டார்கள். உப்புக் காற்றில், அலைத் தெறிப்பில் எப்படியோ தண்ணீர் சேர்ந்துவிடும். ஒரு மடக்குத் தண்ணீர் போனாலும் நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிடும். அதனால் பிளாஸ்டிக் கேனின் வாயில் தகரப் புனலை வைத்து, புனலின் மேல் பழைய நைலான் சேலையை நாலாக மடித்துப் போட்டு, பெட்ரோலை வடிகட்டி ஊற்றுவார்கள். தகரக் கேன் வைத்துக்கொள்ளலாமே என்றால், அது ஒரு மழைக்காலம் தாங்காது, துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிடும்.

பிளாஸ்டிக் கேன், நைலான் துணி, நடுவில் தகரப் புனல். தட்டி வழியாகப் பாடம் கேட்ட எனக்கே பார்த்த முதல் நாளே விளங்கிவிட்டது. துணி வழியாகப் பெட்ரோல் இறங்க இறங்க மின்னூட்டம் சேரும். மண்ணுக்குப் போக வழியில்லாமல் புனல் தனியாக நிற்கும். ரப்பர்ச் செருப்போடு நிற்கிற மனுஷன் விரலைக் கொண்டுபோனால் போதும். சுற்றிலும் ஆவி.

அந்த வருஷம் கச்சான் என்றும் இல்லாத உக்கிரமாக அடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து அவர் திரும்பியிருந்த நேரம், நான் மீன் வாங்கப் போய் அவர் அடுக்களையில் உட்கார்ந்திருந்தேன். தம்பி வாசலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். டீச்சர் அரிவாள்மனையிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்.

"ஏலே, நைலானை மாத்து. தனியா நிக்கிற உலோகத்தை எர்த்துப் பண்ணு."

"பருத்தித் துணியில நூலு உதிருதுக்கா. கார்புரேட்டர்ல போய் அடைச்சிக்கிடுது."

"அப்ப மத்ததையாவது செய்யி."

அவன் சொம்பை வைத்தான். எதையோ கேட்க வாயைத் திறந்தான். அக்காவின் முதுகைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு, "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் கிடையாது. பரீட்சைத் தாளில் எழுதினால் முழு மார்க் போடலாம். மறுநாளே தம்பி கடையில் செம்புக் கம்பி வாங்கி, கொட்டகையில் ஒரு இரும்புத் தண்டை மணலில் அடித்து, கம்பியைக் கட்டிவிட்டான் என்று டீச்சரே சந்தோஷமாகச் சொன்னார். கொட்டகைக்குப் போய்ப் பார்த்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. சொல்லியாகிவிட்டது, செய்தாகிவிட்டது.

மறு வாரத்தில் ஒருநாள், இரண்டாவது பீரியட். ஒரு பெரிய பாயை யாரோ உதறினது மாதிரி கடற்கரைப் பக்கமிருந்து ஒரு சத்தம். நாங்கள் துறைமுகத்தில் ஏதோ என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் பைக்கில் ஒருவர் வந்து வாசலில் நின்று டீச்சரைக் கூப்பிட்டார். "தம்பிக்கு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. டீச்சர் சாக்பீஸை மேசையில் வைத்தார். அது உருண்டு விழுந்தது. நானும் கூடவே ஓடினேன்.

கொட்டகை போய்விட்டது. அவன் பிழைத்தான். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்திருந்தன. முகத்தில் புருவம் இல்லை. மறுநாள் எங்களை வார்டுக்குள் விட்டார்கள். எங்களைப் பார்த்ததும் அந்த முகத்தோடு சிரிக்க முயற்சி செய்தான்.

"யக்கா, பயந்துட்டியா? நீ சொன்னபடி கம்பி கட்டியிருந்தேன். இல்லைன்னா இந்நேரம் என்னைப் பெட்டியில வச்சிருப்பீய."

டீச்சர் கேட்டார். "எதுல கட்டியிருந்த?"

"கேன்லதான். கைப்பிடியில நல்லா இறுக்கி."

"புனல்ல?"

"புனல்ல எதுக்குக்கா? பெட்ரோல் கேன்லதான இருக்கு."

பிளாஸ்டிக் கைப்பிடியில் கம்பியைக் கட்டி என்ன பிரயோசனம்? பிளாஸ்டிக்கில் எதுவும் ஓடாது. அந்தக் கம்பி மணலில் சும்மா கிடந்திருக்கிறது. புனல் கடைசி வரைக்கும் தனியாகத்தான் நின்றிருக்கிறது. இவன் துணியை எடுக்க விரலை நீட்டியிருக்கிறான். டீச்சர் வாயைத் திறந்தார். நர்ஸ் வந்து, அவனைப் பேச விடாதீங்க, மனசை அலட்டிக்கிடக் கூடாது என்றார். டீச்சர் அவன் கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தார்.

வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சரியாத்தான் சொன்னேன் டீச்சர்" என்றார். யாரோ ஒருவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். அது போய் முடிந்ததும், "நான் சரியாத்தான் சொன்னேன்" என்றார். அவர் ஒன்றை இரண்டாம் முறை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

புண் ஆறட்டும், தெம்பு வரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் தள்ளிப் போட்டார். தம்பியிடம் அவருக்கிருந்த ஒரே இளக்கம் அது. அந்த இடைவெளியில் அவன் சும்மா இருக்கவில்லை. பார்க்க வருகிற வள்ளக்காரர்களிடமெல்லாம் அக்கா சொன்ன கம்பியைப் பற்றிச் சொன்னான். கரைக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில், வேறொருவனைக் கட்டச் சொல்லிப் படம் பிடித்துப் போட்டான். கூடவே குரலும். "எல்லாரும் கேனுல இப்படிக் கட்டிக்கிடுங்கலே. எங்கக்கா சயின்ஸ் டீச்சர். இதனாலதான் நான் உசுரோட கிடக்கேன்."

அடுத்த முறை நான் மீன் வாங்கக் கரைக்குப் போனபோது கண்ட கேனிலெல்லாம் கம்பி. சிவப்பு வயர், பச்சை வயர், பழைய சார்ஜர் வயர். எல்லாம் பிளாஸ்டிக் கைப்பிடியில், பூவாகச் சுற்றி, அழகாக முடிச்சுப் போட்டு. ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, "டீச்சர் கட்டு போட்டாச்சாலே?" என்றார். "போடாம?" என்று பதில் வந்தது. அந்தக் கட்டுக்கு அப்படியே பேர் வைத்துவிட்டார்கள். முன்னாலாவது பெட்ரோல் என்றால் ஒரு பயத்தோடு தள்ளி நின்று ஊற்றினார்கள். இப்போது அந்தப் பயமும் போய், புனலோடு முகத்தை வைத்துக்கொண்டு ஊற்றினார்கள். பீடியை மட்டும் தூரப் போட்டார்கள், அது பழைய புத்தி.

நான் நேரே டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்கே அவர் தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். நானும் இருந்தேன். பிளாஸ்டிக் எடுத்து, தகரம் எடுத்து, சீப்பெடுத்து, காகிதம் கிழித்து, ஒரு பிள்ளைக்குச் சொல்வது மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் தழும்பேறிய கையை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டான். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அப்ப நான் எப்படிக்கா பொழச்சேன்?"

"தெரியலை. கேன்ல பெட்ரோல் கொஞ்சமாத்தான் இருந்துச்சு. காத்து தீயை அந்தப் பக்கம் கொண்டு போயிட்டு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் முகம் வாடிவிட்டது. அவனுக்கு வேண்டியது அது இல்லை. சும்மா ஒரு காற்று திரும்பியதால் பிழைத்தேன் என்று எந்த மனுஷன் ஒத்துக்கொள்வான்? "சரிக்கா" என்று எழுந்து போனான். கரையில் எதையும் மாற்றிச் சொல்லவில்லை.

பிறகு டீச்சர் தானே கரைக்குப் போக ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் போகும் முன்னால், விடிந்து வெளிச்சம் வந்த நேரத்தில், வள்ளம் வள்ளமாக. "கேன்ல இல்ல, புனல்ல கட்டுங்க. கேன் பிளாஸ்டிக்கு. புனல்ல கட்டுங்க." எல்லோரும் எழுந்து நின்று, "சரி டீச்சர்" என்பார்கள். முதலை வாய் மாதிரிக் கவ்வுகிற கிளிப் வாங்கிக் கொடுத்தார், தானே புனலில் மாட்டியும் விட்டார். மறுநாள் போனால் கிளிப் கேனின் கைப்பிடியில், பழைய கட்டுக்குப் பக்கத்தில் துணைக்குக் கிடக்கும். புனலை இந்தக் கேனிலிருந்து அந்தக் கேனுக்கு மாற்றுகிற அவசரத்தில் கம்பி காலைத் தடுக்கிறதாம்.

ஆத்தூர் வெற்றிலையை மென்றுகொண்டு ஒரு பெரியவர் என் முன்னாலேயே சொன்னார். "டீச்சர், நீங்க படிச்சவிய, சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா உங்க தம்பி கையைப் பாத்தீங்கல்லா? அவ்வளவு தீயிலயும் ஆளு வெளிய வந்துட்டான். நாங்க அதைக் கண்ணால பாத்தோம்."

டீச்சர் அவரை அந்தப் பழைய பார்வை பார்க்கவில்லை. "புனல்ல கட்டுங்க அண்ணாச்சி" என்றார்.

வகுப்பிலும் ஆள் மாறிவிட்டார். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரே வாக்கியம் மறுபடி மறுபடி கேட்கும். "வீட்டுல போய்ச் சொல்லுங்க. புனல்ல." பிள்ளைகள் முதலில் எழுதிக்கொண்டன. பிறகு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கடைசியில் அதுகளுக்கு அது மழைச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது, காதிலேயே விழவில்லை.

அந்த வருஷக் கடைசியில் என் வீட்டுக்காரருக்கு மாறுதல் வந்தது. நாங்கள் ஓட்டப்பிடாரம் பக்கம் குடி போய்விட்டோம். அங்கே கடல் இல்லை, பெட்ரோல் கேன் இல்லை. ஆனாலும் மேற்கே காற்று எழும்பினால் எனக்குச் சோறு இறங்காது. அடுத்த கச்சான் மாசத்தில் ஒரு சனிக்கிழமை காலை டீச்சரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பஸ் ஏறினேன். வீடு பூட்டியிருந்தது. கரையில் இருப்பார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

கரையில் வள்ளங்கள் கிளம்புகிற நேரம். வெற்றிலைப் பெரியவரின் வள்ளத்தடியில் டீச்சர் நின்றார். இன்னும் மெலிந்திருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. நான் பார்த்துக்கொண்டே இருக்க, அந்த வாளியிலிருந்த கடல் தண்ணீரை மணலில் ஊற்றினார். செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு அந்த ஈரத்தில் ஏறி நின்றார். குனிந்து, கேனின் வாயிலிருந்த தகரப் புனலின் விளிம்பை உள்ளங்கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். "இப்ப ஊத்துங்க" என்றார். பெரியவர் ஊற்றினார். நைலான் சேலை வழியாகப் பெட்ரோல் இறங்கியது. அதன் நெடி நான் நின்ற இடம் வரைக்கும் வந்தது. டீச்சரின் முகம் புனலுக்கு ஒரு முழத்தில் இருந்தது. கேனின் கைப்பிடியில் டீச்சர் கட்டு ஆடிக்கொண்டிருந்தது.

எனக்குப் புரிந்தது. கம்பியைக் கட்டச் சொன்னால் கட்ட மாட்டார்கள். அதனால் தானே கம்பியாக நின்றுவிட்டார். புனலில் சேருவது அவர் கை வழியாக, உடம்பு வழியாக, ஈர மணலுக்கு இறங்கிப் போகும். ஏதாவது தவறினால் முதலில் எரிவது அந்தக் கைதான்.

ஊற்றி முடிந்ததும் பெரியவர் என்னிடம், "டீச்சருக்குக் கைராசி. அவிய தொட்டுக் குடுத்தா எங்களுக்கு ஒரு தைரியம்" என்றார்.

டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கையில் பெட்ரோல் நாற்றம், அதனால் என்னைத் தொடவில்லை.

"என்ன டீச்சர் இது? இப்படி எத்தனை நாளைக்கு?"

"காத்து மாறட்டும்."

"கரை முழுக்க வள்ளம் கிடக்கே. எத்தனை பேருக்கு நிப்பீங்க?"

அவர் என் தோளுக்கு மேல் கரையின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். வெகுதூரத்தில் ஒருவர் கேனை இறக்கி வைத்து, புனலை எடுத்துச் சொருகி, துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.